விசில் அடிச்சா சவுண்டு மொத்தமா செத்துப்போகுது, எஞ்சின் மட்டும் ஓடுது – டிகோடர் போயிடுச்சா?

சாட்ஸ்வொர்த்_லூப்:

எல்லாருக்கும் வணக்கம். ஒரு வயசானவர் தன்னோட மாடல் ரயில் லேயவுட்டையே கலைச்சு வித்துக்கிட்டிருந்தாரு, அவர்கிட்ட ஒரு எச்.ஓ. (மாடல் ரயில் சைஸ்) நீராவி எஞ்சின் செகண்ட் ஹேண்டா வாங்கினேன். ஜெர்மன் பி.ஆர் 50, பத்து பெரிய சக்கரம் உள்ளது, டெண்டருக்குள்ள (எஞ்சின் பின்னாடி கரி வைக்கற பெட்டி) சவுண்ட் டிகோடர், அதாவது எஞ்சினை ஓட்டி சத்தமும் போடற குட்டி சர்க்யூட், ஏற்கனவே இருக்கு. ஓட்டம் அருமை, மெதுவா போறப்ப கூட திணறாம போகுது, பிரச்சனை முழுக்க சவுண்டுலதான்.

சும்மா நிக்கறப்ப ஸ்டீம் சத்தம் வருது ஆனா கூடவே அப்பளம் நொறுங்குற மாதிரி ஒரு கரகரப்பு. சின்ன விசில் அடிச்சா வருது. நீளமா விசில் அழுத்திப் பிடிச்சா பாதியிலயே எல்லா சத்தமும் கப்புனு நின்னு போகுது, ஆனா எஞ்சின் பாட்டுக்கு ஓடுது, லைட்டும் எரியுது, டிராக் பவரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணாதான் சவுண்டு திரும்ப வருது. இது போதாதுன்னு பாயிண்ட்ஸ் (தண்டவாளம் பிரியற இடம்) மேல ஏறுறப்ப சத்தம் விக்கி விக்கி முதல்லேர்ந்து ஆரம்பிக்குது.

தண்டவாளத்தைத் துடைச்சுப் பாத்துட்டேன். மச்சான் என்னடான்னா எல்லாத்துக்கும் இன்வெர்ட்டர்தான் காரணம், லோட் ஷெடிங்குக்குன்னு வாங்கின அந்த சீப் இன்வெர்ட்டர்ல ஓட்டாதேன்னு சொல்றான். இன்னொரு நண்பர் டிகோடரைத் தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்குங்கறாரு, விலை கேட்டா தலை சுத்துது. வாங்கறதுக்கு முன்னாடி இங்க ஒரு வார்த்தை கேட்டுடலாம்னு வந்தேன். மல்டிமீட்டர் இருக்கு, சால்டரிங் ஓரளவு வரும்.

பீனிக்ஸ்_ஷண்டர்:

டிகோடரோட செட்டிங் நம்பர் சி.வி 8ல 8 எழுதி ரீசெட் பண்ணிப் பாருங்க ப்ரோ. எனக்கு பாதி பிரச்சனை அதுலயே போயிடும்.

மாரிட்ஸ்பர்க்_மாமா:

தம்பி ஷண்டர், கொஞ்சம் பொறு. ரீசெட் பண்ணா சவுண்டு ஃபைல் அழியாது, அது சரி, ஆனா எஞ்சினைக் கூப்பிடற அட்ரஸ் நம்பர் திரும்ப 3க்குப் போயிடும், வால்யூம், வேகம், சக்-சக் ஒத்துப்போற செட்டிங் எல்லாமே கம்பெனில வந்த நிலைக்குப் போயிடும். அந்த வயசானவர் பொறுமையா உக்காந்து செட் பண்ணி வச்சிருந்தா அத்தனையும் வீண். எழுதி வச்சுக்கிட்டு அப்புறம் பண்ணலாம், இப்ப வேண்டாம்.

சாட்ஸ்வொர்த் தம்பி, நீ சொன்னதை ரெண்டு தடவை படிச்சேன். இதை ஒரே வியாதியா பாக்காதே. பாயிண்ட்ஸ் மேல விக்கறது கரண்ட் சரியா ஏறாததால, அது சக்கரம், பிக்கப் (சக்கரத்துலேர்ந்து கரண்ட் எடுக்கற கம்பி) சம்பந்தப்பட்டது. விசில்ல சாகறது அது இல்ல. கரண்ட் போயிருந்தா எஞ்சின் நின்னிருக்கும் இல்லன்னா லைட்டாவது சிமிட்டியிருக்கும், அப்புறம் சவுண்டு தானா திரும்ப ஆரம்பிச்சிருக்கும். உனக்கு மோட்டாரும் லைட்டும் ஜம்முனு இருக்கு, சவுண்டு மட்டும் போகுது, பவரை அணைச்சுப் போடற வரைக்கும் வர்றதே இல்ல. அப்படின்னா டிகோடருக்குள்ள இருக்கற ஆம்ப்ளிஃபையர் தன்னைத்தானே காப்பாத்திக்க கடையை மூடுதுன்னு அர்த்தம். அதால தாங்க முடியாத அளவுக்கு யாரோ கரண்ட் இழுக்கறாங்க. அந்த யாரோ பெரும்பாலும் ஸ்பீக்கர்தான், இல்லன்னா ஸ்பீக்கர் ஒயர் எங்கயாவது உரிஞ்சு மெட்டல்ல தொடுது.

இன்வெர்ட்டர் கதையை ஒரே நிமிஷத்துல முடிச்சுடலாம். மெயின்ஸ் கரண்ட் இருக்கறப்ப சுவத்துல நேரா சொருகி அதே விசிலை அடி. அதே மாதிரி செத்தா மச்சானை விட்டுடு.

இப்ப நீ செய்ய வேண்டியது. எஞ்சினை ஓட்டாதே, நிக்க வச்சே நீள விசில் அடி. நின்ன இடத்துலயே செத்தா தண்டவாளம், பாயிண்ட்ஸ் எதுக்கும் சம்பந்தம் கிடையாது. அடுத்து சி.வி 8ஐப் படி, எழுதாதே, படிக்க மட்டும் செய். யார் செஞ்ச டிகோடர்னு அந்த நம்பர் சொல்லும், 151 வந்தா ஈ.எஸ்.யு, 141 வந்தா சவுண்ட்டிராக்ஸ், 145 வந்தா சிமோ. அப்புறம் டெண்டரைத் திறந்து ஸ்பீக்கரோட ஒரு ஒயரைக் கழட்டி மீட்டரை ஓம்ல வச்சு ஸ்பீக்கரை அள. முக்கியமா அந்தப் பெரியவர்கிட்ட ஒரு போன் போட்டு, ஸ்பீக்கர் யாராவது மாத்தினாங்களான்னு கேளு.

லென்ஸ்_15எஃப்:

மாமா சொன்னதுக்கு மேல சொல்ல ஒண்ணும் இல்ல, ஆனா ஒயர் கலர் தெரிஞ்சா தேட ஈஸியா இருக்கும். டி.சி.சி.ல (டிஜிட்டலா ரயில் ஓட்டற முறை) சிவப்பு வலது தண்டவாளம், கறுப்பு இடது தண்டவாளம், ஆரஞ்சும் சாம்பலும் மோட்டார், வெள்ளை முன் லைட், மஞ்சள் பின் லைட், நீலம் பொது. ஈ.எஸ்.யு.வா இருந்தா ஸ்பீக்கருக்கு ரெண்டு பிரவுன் ஒயர் வரும், சவுண்ட்டிராக்ஸ்னா ஊதா. அந்த ரெண்டு ஒயர்ல எதுவும் சேஸிஸைத் தொடக்கூடாது, மீட்டர்ல பீப் வச்சுப் பாருங்க.

சத்தமே வராம போயிட்டா கவலைப்படாதீங்க, இது கண்டென்சர் எஞ்சின்னு சொல்லி வித்துடலாம் :)

சாட்ஸ்வொர்த்_லூப்:

நன்றி மாமா, நன்றி அண்ணா. சுவத்துல நேரா சொருகியும் அதேதான், மச்சானுக்கு மெசேஜ் போட்டாச்சு. நிக்க வச்சு விசில் அடிச்சாலும் செத்துப்போகுது. சி.வி 8 படிச்சா 151 வருது.

ஸ்பீக்கர் மீட்டர்ல 7 ஓம் சொச்சம் காட்டுது, பின்னாடி 8னு போட்டிருக்கு, போன்ல வர்ற மாதிரி குட்டி சதுர ஸ்பீக்கர். ஒயர் எங்கயும் தொடல. பெரியவருக்கு போன் பண்ணேன், ஆமாம்ப்பா பழைய ரவுண்டு ஸ்பீக்கர் கிழிஞ்சு போச்சு, ஒரு பையன்கிட்ட குடுத்து மாத்தினேன், அதுலேர்ந்து விசில் அவ்வளவா அடிக்கறதில்லன்னாரு. டப்பாவுல இருந்த பேப்பர்ல டிகோடர் பேரு லோக்சவுண்ட் வி3.5னு போட்டிருக்கு.

கண்டென்சர்னா என்ன அண்ணா?

மாரிட்ஸ்பர்க்_மாமா:

கெடச்சாச்சு. பவரை ஆஃப் பண்ணு, அந்த ஸ்பீக்கரோட ரெண்டு ஒயரையும் கழட்டி முனையில டேப் சுத்தி வை. ஸ்பீக்கர் இல்லாம எஞ்சின் ஓடறதுல ஒரு கெடுதலும் இல்ல.

விஷயம் என்னன்னா வி3.5க்கு 100 ஓம் ஸ்பீக்கர்தான் போடணும். அந்தக் காலத்துல அவங்க ஆம்ப்ளிஃபையரை அப்படித்தான் செஞ்சாங்க. வி4லேர்ந்துதான் 4 ஓம்லேர்ந்து 32 ஓம் வரைக்கும் எது வேணா போடலாம்னு மாறுச்சு. இப்ப கடையில கிடைக்கறது, யூடியூப்ல எல்லாரும் போடச் சொல்றது எல்லாம் 4, 8 ஓம் ஸ்பீக்கர், அந்தப் பையனும் அதையே பாத்து மாட்டியிருப்பான். 100 ஓம் வேணும்ங்கற இடத்துல 8 ஓம் போட்டா அதே வோல்டேஜுக்கு பன்னெண்டரை மடங்கு கரண்ட் இழுக்கும். ஸ்டீம் சத்தம் சின்னது, சமாளிச்சுக்குது. விசில் பெருசு, அதுவும் நீளமா, அங்கதான் மூச்சுத் திணறி மூடிக்குது. இத்தனை நாள் உயிரோட இருக்கறதே பெரியவர் விசில் அடிக்காம விட்ட புண்ணியம்.

உடனே டிகோடர் வாங்காதே. ஆம்ப்ளிஃபையர் பொழச்சிருக்கா இல்லையான்னு ஒரு ரெசிஸ்டர் வச்சே தெரிஞ்சுக்கலாம். எலக்ட்ரானிக்ஸ் கடையில சில்லறைக் காசுக்கு 100 ஓம் அரை வாட் ரெசிஸ்டர் ஒண்ணு வாங்கி, ஒரு பிரவுன் ஒயருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவுல சீரிஸ்ல போடு. மொத்தம் 108 ஓம் ஆயிடும், டிகோடருக்கு நிம்மதி. சத்தம் ரொம்பக் கம்மியா, காதை ஒட்டி வச்சு கேக்கற அளவுக்குத்தான் வரும், ஏன்னா சக்தியில பெரும்பங்கு ரெசிஸ்டர்லயே சூடா போயிடும். ஆனா நீள விசில் முழுசா வந்து முடிஞ்சா ஆம்ப்ளிஃபையர் உயிரோட இருக்கு. அப்பவும் செத்தா அது போயிடுச்சு, அப்ப டிகோடர் பத்திப் பேசலாம்.

பீனிக்ஸ்_ஷண்டர்:

ரெண்டு 8 ஓம் ஸ்பீக்கரை சீரிஸ்ல போட்டா ஆகாதா மாமா? எங்கிட்ட நாலஞ்சு சும்மா கிடக்கு.

லென்ஸ்_15எஃப்:

ரெண்டு போட்டா 16 ஓம்தான் ஆகும் ப்ரோ, 100 ஆக பன்னெண்டு பதிமூணு ஸ்பீக்கர் வேணும், டெண்டர்ல கரி வைக்க இடம் இருக்காது. இன்னொண்ணு, எந்த டிகோடரா இருந்தாலும் ரெண்டு ஸ்பீக்கர் போடறப்ப பிளஸ் மைனஸ் பாத்துப் போடணும், ஒண்ணு வெளிய தள்ளறப்ப இன்னொண்ணு உள்ள இழுத்தா அடித்தொண்டை சத்தம் காணாம போயிடும், சத்தம் சளசளன்னு இருக்கும்.

சாட்ஸ்வொர்த், கண்டென்சர்னா நம்ம தென்னாப்பிரிக்காவோட கிளாஸ் 25 எஞ்சின். கரூ பாலைவனத்துல தண்ணி கிடையாது, அதனால எஸ்.ஏ.ஆர். (தென்னாப்பிரிக்க ரயில்வே) 1950கள்ல 90 எஞ்சின் வாங்கினாங்க, ஓடின நீராவியை வெளிய விடாம பின்னாடி நீளமான டெண்டருக்கு அனுப்பி, ஃபேன் வச்சுக் குளுர வச்சு திரும்ப தண்ணியாக்கி பாய்லருக்கே விடுவாங்க. சாதா எஞ்சின்ல அந்த நீராவி புகைபோக்கி வழியா பாய்ஞ்சு போறதுனாலதான் சக் சக்னு சத்தமே வருது, நெருப்புக்குக் காத்து இழுக்கறதும் அதுதான். கண்டென்சர்ல அது இல்லாததால நீராவியிலயே சுத்துற டர்பைன் ஃபேன் வச்சு காத்தை இழுத்தாங்க. அதனால அந்த எஞ்சின் சக் சக்னு போகாது, ஊஊஊன்னு ஊளையிட்டுக்கிட்டே போகும். பராமரிப்பு தலைவலி தாங்காம பின்னாடி கிட்டத்தட்ட எல்லாத்தையும் சாதா எஞ்சினா மாத்திட்டாங்க, 3511ங்கற நம்பர் ஒண்ணைத்தான் அப்படியே வச்சிருக்காங்க. சவுண்ட் டிகோடர்ல ரொம்ப ஈஸியா செய்யக்கூடிய நீராவி எஞ்சின் அதுதான், சக்கரத்தோட ஒத்துப்போகணும்ங்கற தொல்லையே கிடையாது.

சாட்ஸ்வொர்த்_லூப்:

ரெசிஸ்டர் போட்டுப் பாத்தேன். விசில் முழுசா வந்துச்சு! நீளமா அழுத்திப் பிடிச்சேன், நிக்கவே இல்ல. மாமா சொன்ன மாதிரி சத்தம் கொசு பாடற அளவுதான், ஆனா உயிர் இருக்கு. திரும்பத் திரும்ப அடிச்சும் பாத்தேன், ஒண்ணும் ஆகல. வீட்ல இருக்கறவங்கதான் நிறுத்தச் சொல்லிட்டாங்க.

ஆனா அந்தக் கரகரப்பு மட்டும் இன்னும் இருக்கு, மெல்லிசா. டிகோடர்லேர்ந்து வருதா ஸ்பீக்கர்லேர்ந்து வருதான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

மாரிட்ஸ்பர்க்_மாமா:

சபாஷ். காசு மிச்சம்.

கரகரப்புக்கு முதல்ல டெண்டர் மூடியை விரலால லேசா அமுக்கிப் புடி. சத்தம் மாறினா ஏதோ பிளாஸ்டிக்கோ ஸ்க்ரூவோ அதிருது, அவ்வளவுதான். மாறலன்னா ஸ்பீக்கரை வெளிய எடுத்து வெளிச்சத்துல பாரு. இரும்புத் தூளை ஸ்பீக்கர் காந்தம் இழுத்து வச்சுக்கும், அது மெம்ப்ரேன்ல (ஸ்பீக்கர்ல அதிர்ற சவ்வு) ஒட்டினா இப்படித்தான் நொறுநொறுங்கும், டேப்பை ஒட்டி ஒட்டி எடு. அப்பவும் போகலன்னா வேற ஒரு ஸ்பீக்கரை அதே ரெசிஸ்டரோட போட்டுப் பாரு. புது ஸ்பீக்கர்லயும் கரகரப்பு வந்தா டிகோடர், வரலன்னா ஸ்பீக்கர். அத்தனை நாள் தாங்க முடியாத கரண்ட்ல விசில் அடிச்ச குட்டி ஸ்பீக்கர், காயில் உரச ஆரம்பிச்சிருந்தாலும் ஆச்சரியம் இல்ல.

100 ஓம் ஸ்பீக்கர் வந்ததும் இதை மறந்துடாதே, ஸ்பீக்கருக்குப் பின்னாடி மூடின பெட்டி வேணும். ஸ்பீக்கர் முன்னாடி தள்ளற காத்தும் பின்னாடி தள்ளற காத்தும் ஒண்ணையொண்ணு அடிச்சுக்கும், நடுவுல தடுப்பு இல்லன்னா பாதி சத்தம் அங்கயே காணாம போயிடும். நிறைய பேர் சத்தம் பத்தலன்னு வால்யூமை ஏத்தி ஏத்தி ஸ்பீக்கரைக் கிழிக்கறது இந்தப் பெட்டி இல்லாமத்தான். பிளாஸ்டிக் ஷீட்ல வெட்டி ஒட்டு, ஒயர் போற ஓட்டையை புளூ டேக் (ஒட்டற களிமண் மாதிரி) வச்சு அடை, காத்து கசியவே கூடாது. முன்பக்கம் மட்டும் டெண்டர் அடியில திறந்திருந்தா போதும்.

பாயிண்ட்ஸ் மேல விக்கறது அப்படியே நிக்குது இல்ல? அதையும் பாத்துடு. பி.ஆர் 50 நீளமான எஞ்சின், பாயிண்ட்ஸ்ல இருக்கற பிளாஸ்டிக் துண்டு மேல ஏறினா கூட ரெண்டு மூணு சக்கரமாவது கரண்ட்ல இருக்கணும். அப்படியும் விக்குதுன்னா எல்லா சக்கரமும் வேலை செய்யல. மீட்டரை பீப்ல வச்சு ஒவ்வொரு சக்கரத்துக்கும் டிகோடரோட சிவப்பு ஒயர் இல்லன்னா கறுப்பு ஒயருக்கும் தொட்டுத் தொட்டுப் பாரு, பீப் வராத சக்கரத்தோட பிக்கப் கம்பி வளைஞ்சிருக்கும் இல்லன்னா அழுக்கா இருக்கும். ரப்பர் டயர் போட்ட சக்கரத்துல வராது, அதை விட்டுடு. டர்பன்ல கடல் காத்து வேற, ஜன்னலைத் திறந்து வச்சா சக்கரமும் தண்டவாளமும் சீக்கிரம் கறுத்துப்போகும். டிஷ்யூ பேப்பர்ல ஐசோபுரோபைல் ஆல்கஹால் ஊத்தி தண்டவாளத்து மேல போட்டு, எஞ்சினோட பாதி அது மேல நிக்க பாதி கரண்ட்ல நிக்க சுத்த விடு, வர்ற கறுப்பைப் பாத்தா நீயே மிரண்டுடுவே. உப்புத்தாள் மட்டும் போடாதே, கீறல்ல அழுக்கு இன்னும் சீக்கிரம் புடிக்கும்.

லென்ஸ்_15எஃப்:

100 ஓம் ரவுண்டு ஸ்பீக்கர் ஒண்ணு எங்கிட்ட டிராயர்ல கிடக்கு, வி3.5லேர்ந்து மாறினப்ப எடுத்து வச்சது, நீங்க எடுத்துக்கோங்க. கூரியர் காசு மட்டும் குடுத்தா போதும். மெசேஜ்ல அட்ரஸ் அனுப்புங்க, இங்க போடாதீங்க.

சாட்ஸ்வொர்த்_லூப்:

லென்ஸ் அண்ணா, பார்சல் வந்துடுச்சு, கோடி நன்றி. மீட்டர்ல 90 சொச்சம் காட்டுது. மாமா சொன்ன மாதிரி பெட்டி செஞ்சு புளூ டேக் வச்சு அடைச்சுட்டேன். விசில் அடிச்சா பக்கத்து வீட்டு நாய் குரைக்குது. கரகரப்பும் இல்ல, பழைய குட்டி ஸ்பீக்கரைத் திறந்து பாத்தா இரும்புத் தூள் ஒட்டிக்கிட்டு மெம்ப்ரேனும் ஓரத்துல பிரிஞ்சிருந்துச்சு. பாயிண்ட்ஸ்ல விக்கறதும் போச்சு, டெண்டர்ல ஒரு பக்கத்து பிக்கப் ரெண்டு சக்கரத்தைத் தொடவே இல்ல.

இப்ப ஒரு ஆசை வந்துடுச்சு. சக் சக் சத்தம் சக்கரத்தோட ஒத்துப்போகல, ஒரு சுத்துக்கு மூணா வருதா அஞ்சா வருதான்னே தெரியல. சரியா எத்தனை வரணும்? அப்படியே ஜெர்மன் விசிலை எடுத்துட்டு நம்ம ஊர் விசில் போட முடியுமா?

லென்ஸ்_15எஃப்:

பி.ஆர் 50க்கு ரெண்டு சிலிண்டர், ஒவ்வொரு சிலிண்டரும் போறப்ப ஒண்ணு வர்றப்ப ஒண்ணு, ஆக பெரிய சக்கரம் ஒரு சுத்து சுத்தினா நாலு சக். இதே ஜெர்மன் பி.ஆர் 44னா மூணு சிலிண்டர், ஆறு வரும். நம்ம தென்னாப்பிரிக்க 15எஃப், 25என்.சி. (கண்டென்சர் இல்லாத கிளாஸ் 25) எல்லாம் நாலுதான். ஜி.எம்.ஏ.எம். கேராட் (Garratt) எஞ்சின் மட்டும் தனி ரகம், ஒரே பாய்லருக்குக் கீழ முன்னாடி ஒரு எஞ்சின் பின்னாடி ஒரு எஞ்சின், ரெண்டும் தனித்தனியா நாலு நாலு அடிக்கும், சில நேரம் ஒண்ணா விழும், சில நேரம் விலகி எட்டா கேக்கும். அதை டிகோடர்ல ஒழுங்கா கொண்டு வர்றவங்களுக்கு நான் காசு குடுப்பேன்.

உங்களுக்கு சி.வி 57, 58 ரெண்டும்தான். 57 மெதுவா போறப்ப, 58 வேகமா போறப்ப. முதல்ல ஸ்பீடு ஸ்டெப் 1ல (ரொம்பக் குறைஞ்ச வேகம்) ஓட விட்டு, ஒரு சக்கரத்துல வெள்ளைப் புள்ளி வச்சு, அது ஒரு சுத்து வர்றப்ப நாலு விழற வரைக்கும் 57ஐ மாத்துங்க, அப்புறம் நடு வேகத்துல 58. 57ஐ சரி பண்ணாம 58ஐத் தொட்டா ரெண்டும் குழம்பிப் போகும்.

மாரிட்ஸ்பர்க்_மாமா:

விசில் மாத்தறதுக்கு டிகோடர்ல சவுண்டு ஏத்தற லோக்புரோகிராமர் கருவி வேணும், சி.வி.ல ஆகாது. வி3.5க்கு பழைய சாஃப்ட்வேர்தான் பேசும், புதுசுல தேடி டென்ஷன் ஆகாதே. சவுண்டு ஃபைல் வேணும்னா யாரோ எடுத்த யூடியூப் வீடியோவைப் புடுங்காதே, பின்னாடி ஆளுங்க பேசற சத்தம் எல்லாம் டெண்டருக்குள்ள கேக்கும். டர்பன் பக்கத்துல க்ளூஃப்லேர்ந்து இஞ்சாங்கா வரைக்கும் உம்கேனி ஸ்டீம் ரயில் ஓடற ஞாயித்துக்கிழமை வா, நானே ரெக்கார்டர் கொண்டு வர்றேன். இஞ்சாங்கா ஸ்டேஷன்ல நிக்கறப்ப எடுக்கலாம், ஓடறப்ப காத்து சத்தம்தான் விழும், மைக்குக்கு ஒரு பஞ்சு உறை போட்டுக்கோ.

ஷண்டர் தம்பியும் வரட்டும். 1860ல டர்பன்ல முதல் ரயில் ஓடின அதே வருஷம்தான் ட்ரூரோ கப்பல் மெட்ராஸ்லேர்ந்து நம்மாளுங்களை இறக்கிச்சு, அப்பலேர்ந்து தண்டவாளத்தைச் சுமந்த குடும்பம் எத்தனையோ இருக்கு, ரயில் பைத்தியம் நமக்கு வராம யாருக்கு வரும்.

பீனிக்ஸ்_ஷண்டர்:

நான் ரெடி மாமா. எங்கிட்டயும் ஒரு எஞ்சின் இருக்கு, பழைய டி.சி. கண்ட்ரோலர்ல வச்சா ஜிஈஈன்னு ஒரு சத்தம் போடுது, அதையும் கொண்டு வரவா?

மாரிட்ஸ்பர்க்_மாமா:

கண்ட்ரோலர் கரண்டை வெட்டி வெட்டி அனுப்பற ரகமா இருக்கும், சவுண்ட் டிகோடருக்கு அது ஆகாது. டிகோடர் போட்ட எஞ்சினா இருந்தா அதுல வைக்காதே, தனியா ஒரு கேள்வியா போடு, கண்ட்ரோலர் பின்னாடி என்ன எழுதியிருக்குன்னு ஒரு ஃபோட்டோவும் சேத்து.